பேர் சொல்லி வைக்கும் பொம்மை

குச்சிக்கிழங்குப் பையைக் கொல்லைப்புறம் இறக்கி வைத்துவிட்டுத் தேன்மொழி அப்படியே திரும்பியிருக்கலாம். அத்தை கண்ணாயிதான் ஈரக்கையோடு ஓடிவந்து, "உள்ள வந்து பாரு கண்ணு, நம்ம யமுனா பொம்மையாகி வந்திருக்கறா" என்று இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரே செருப்பாகக் கிடந்தது. கூடத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் டி.வி.யைச் சுற்றி நின்றார்கள். டி.வி. ஓடவில்லை. அதன்மேல் ஒரு பெட்டி இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே ஒரு முழ உயரத்துக்கு மிளகி நின்றாள்.

மிளகியைத் தெரியாதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? போனிலும் டி.வி.யிலும் ஓடும் கார்ட்டூன்காரி. மரத்துக்கு மரம் ஏறி, காடு வெட்ட வருகிற கும்பலை விரட்டுகிறவள். கீழே முள்ளுக்குறிச்சியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பஸ் ஏறினால், பாதிப் பிள்ளைகளின் புத்தகப்பையில் அவள்தான் சிரித்துக்கொண்டிருப்பாள். இடது கண்ணுக்குக் கீழே மச்சம், முன்பற்களுக்கு நடுவே சின்ன சந்து. மச்சமும் சந்தும் மாமன் மகள் யமுனாவுடையவை. படம் வரைந்த பானுமதி அக்கா இந்த வீட்டில் தங்கியிருந்தபோது யமுனாவை உட்கார வைத்து வரைந்தவை. பெட்டியின் பின்பக்கம் அதையும் அச்சடித்திருந்தார்கள். 'முகம்: யமுனா, கொல்லிமலை.' அதற்குக் கீழே, 'கதை, வசனம்: பானுமதி.'

பெட்டியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தது. யமுனா அதற்குள் விரலை விட்டு அழுத்தினாள். பொம்மை பேசியது.

"ஏறட்டுமா சாமி? கோவிச்சுக்காத!"

கூடமே சிரித்தது. பக்கத்து வீட்டுக் கோகிலவாணி, "ஏன் யமுனா, நீ ஏணியத் தொட்டாலே தலை சுத்துதுன்னு படுத்துக்குவியே. பொம்மை உன்னைய விடக் கெட்டிக்காரியா இருக்கறாளே" என்றாள்.

"அதுக்குத்தானுங்கக்கா பொம்மை பண்ணியிருக்கறாங்க. அவ ஏறட்டும், நான் கீழ நின்னு மிளகு பொறுக்கிக்கறேன்" என்றாள் யமுனா. மறுபடியும் சிரிப்பு. யமுனாவுக்கு இப்படித்தான் வாயில் தயாராக ஏதாவது இருக்கும். தேன்மொழிக்கு யாராவது ஒன்று சொன்னால், அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்பது வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றும்.

அவள் கூட்டத்துக்குப் பின்னால் கதவோரம் நின்று பொம்மையின் சட்டையைப் பார்த்தாள். பாவாடைக்கு மேல் போட்ட ஆம்பிளைச் சட்டை. பச்சைக் கட்டம், முழங்கை வரை சுருட்டி விட்டது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் சிவப்பு.

அந்தப் பொத்தானைத் தைத்தது தேன்மொழி. அப்பாவின் பழைய சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து போய், வீட்டில் வேறு எதுவும் இல்லாமல், தன்னுடைய பள்ளிக்கூடத்து ஸ்வெட்டரில் இருந்து பிய்த்து எடுத்துத் தைத்தது. இனி ஸ்வெட்டர் எதற்கு என்று நினைத்துக்கொண்டே தைத்தது. அந்தச் சட்டையைத்தான் அவள் இன்றைக்கும் மிளகு பறிக்கப் போட்டுக்கொண்டு போகிறாள். சொல்லப்போனால் இப்போதும் அதைத்தான் போட்டிருந்தாள். ஒருத்தரும் பொம்மையிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்க்கவில்லை.

*

பானுமதி அக்கா வந்து போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மாமா நல்லமுத்து வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ரூம் கட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆள் வந்தால் சமையலுக்குத் தேன்மொழியைக் கூப்பிடுவார்கள். பானுமதி அக்கா மற்றவர்களைப் போல அருவிக்குப் போய்விட்டு வந்து தூங்குகிறவள் இல்லை. அடுப்படியில் வந்து மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கிழங்கு தோல் உரிக்கையில் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். கேட்காத ஆட்களிடம் தேன்மொழிக்குப் பேச்சு வரும். அப்படித்தான் ஒருநாள் அம்மா விழுந்த கதையைச் சொன்னாள்.

அப்பா போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவர். ஒரிசா, சத்தீஸ்கர் என்று எங்கேயோ தண்ணீர் தேடித் துளை போட்டுக்கொண்டிருப்பார். மிளகு பழுத்துச் சிவக்கிற மாசத்தில் ஏற ஆள் கிடைக்காது. அதனால் அம்மா ஆயம்மாளே அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் மரத்தில் சாத்தி ஏறுவாள். பொம்பளை மரம் ஏறுவதா என்று பேசினவர்களும் உண்டு. ஏறும் முன் அம்மா மரத்தில் கை வைத்து, "ஏறட்டுமா சாமி? கோவிச்சுக்காத" என்று கேட்பாள். ஊரில் வேறு யாரும் அப்படிக் கேட்டுத் தேன்மொழி பார்த்ததில்லை. ஒரு மார்கழியில் ஏணி வழுக்கி அம்மா விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடக்க முடிந்தது, ஏற முடியவில்லை. தேன்மொழி ஒன்பதாவதோடு நின்று, அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இப்போது அவள் ஏறும்போது அந்த வார்த்தையைக் கேட்கிறாள்.

இவ்வளவையும் பானுமதி அக்காவிடம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், அந்த நேரம் சோறு பொங்கி வழிந்தது, எழுந்து போனாள், அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த அக்கா நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து யமுனாவின் முகத்தை வரைந்தாள். "போட்டோ எடுத்துக்கட்டுமா? உன் முகத்தை ஒரு கதைக்கு வெச்சுக்கட்டுமா?" என்று யமுனாவிடம் கேட்டாள். யமுனா சிரித்தாள். மாமா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். தேன்மொழி அப்போது எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் சட்டையோடுதான்.

முகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தாள் தேன்மொழி. கொடுத்திருப்பாள். காபி டம்ளரை நீட்டியதைப் போல நீட்டியிருப்பாள். அது இன்னும் எரிந்தது.

*

"அம்மா, அந்தப் பொம்மை உன்ற பேச்சைப் பேசுது" என்றாள் மறுநாள் மிளகுக் கொடிக்குக் கீழே.

ஆயம்மாள் சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என்ன பேச்சு?"

"மரத்துக்கிட்ட கேப்பியே, அது."

ஆயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, டி.வி.யில வர்ற அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டனா? உங்கப்பன் வந்தா சொல்லோணும். இத்தனை வருசமா என்ற பேச்சை ஒருநாள் கேட்டதில்ல அந்த மனுசன், இப்ப ஊரே கேக்குது பாரு."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. என்னையக் கேக்காம எடுத்துட்டாங்க. சட்டையக்கூட எடுத்துட்டாங்க. பொத்தான்கூட. முகம் மட்டும் அவளுது."

"சட்டை உன்ற மேலதான இருக்குது?"

"அம்மா!"

"பேச்சு காத்துல போறது கண்ணு. நாம பேசி உட்டா, வேணுங்கறவங்க புடிச்சுக்கறாங்க. அதுக்கு வேலி போட முடியுமா? ஏறு, வெயில் வந்துரும்."

தேன்மொழி ஏணியைச் சாத்தினாள். மரத்தில் கை வைத்தாள். கேட்க வாய் வரவில்லை. அந்த வார்த்தையை எடுத்தால் டி.வி. மேல் இருந்த குரல்தான் முதலில் வந்தது, யாரோ ஒருத்தி சென்னையில் குளுகுளு ரூமில் உட்கார்ந்து கொஞ்சிக் கொஞ்சிப் பேசிய குரல். கேட்காமலே ஏணியின் ஒரு கணுவில் கால் வைத்தாள்.

"கேளு" என்றாள் கீழேயிருந்து அம்மா. குரலில் சிரிப்பு இல்லை.

"ஏறட்டுமா சாமி? கோவிச்சுக்காத."

"ஏறு கண்ணு. நான் புடிச்சுக்கறேன்."

அதுதான் அவள் பானுமதி அக்காவிடம் சொல்லாமல் விட்டது. அம்மா விழுந்த அன்றைக்குக் கீழே பதில் சொல்ல ஆள் இல்லை. தேன்மொழி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அம்மா ஒருநாளும் மரத்தடியை விட்டு நகர்ந்ததில்லை. இடுப்பு வலித்தாலும் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, மரத்துக்குப் பதிலாக அவளே சொல்லுவாள். மேலே கொடிக்குள் கையை விட்டுச் சரம் சரமாகப் பறித்து இடுப்புப் பையில் போட்டபடி, மிளகிக்கு யார் பதில் சொல்லுகிறார்கள் என்று யோசித்தாள் தேன்மொழி. யாரும் சொல்லுவதில்லை. கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு ஏறிவிடுகிறாள். அந்த ஒரு விசயத்தில் தேன்மொழிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலும் மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

மத்தியானம் மிளகை அத்தை வீட்டு வாசலில் காயப்போடப் போனபோது யமுனா போனில் பானுமதி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு முன்னால் சென்னையில் விழாவாம். யமுனாவும் மாமாவும் வரவேண்டுமாம். மேடையில் ஒரு பெரிய மிளகி நிற்குமாம், பக்கத்தில் யமுனா நிற்க வேண்டுமாம். "பெட்டியைத் திறந்துடாதே யமுனா. முதல்ல செஞ்சதுல ஒண்ணு அது. பொம்மை சேத்து வைக்கறவங்க பெட்டியைத் திறக்கவே மாட்டாங்க. திறந்தா மதிப்புப் போயிடும்" என்றாள் பானுமதி அக்கா.

"திறக்காம என்னக்கா பண்ணுவாங்க?"

"பாத்துட்டே இருப்பாங்க." அவளே சிரித்தாள். பிறகு, "பின்னாடி யாரு நிக்கறது?" என்றாள்.

யமுனா போனைத் திருப்பினாள். "தேன்மொழிங்கக்கா. மறந்துட்டீங்களா? நம்ம தேனு."

அந்த அக்கா கண்ணைச் சுருக்கினாள். "ஓ, சமையலுக்கு வந்த பொண்ணா? நல்லாயிருக்கியாம்மா? அந்தக் குச்சிக்கிழங்கு கறி இன்னும் நாக்குலயே இருக்கு."

கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. தேன்மொழி போனுக்குக் கிட்டே வந்தாள். "அக்கா... அந்த, ஏறட்டுமா சாமிங்கறது..."

"ஆமா, அதுதான் இப்ப எல்லாக் குழந்தைங்க வாயிலயும். உங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே அது? மலைக்காரங்களோட வழக்கம்னு நான் பேட்டியிலகூடச் சொன்னேன்."

"ஆமாங்கக்கா, எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் யமுனா, தேன்மொழி வாயைத் திறப்பதற்குள். அவள் மறைப்பதற்காகச் சொல்லவில்லை. அவள் வாய்க்கு எப்போதும் ஆமாம்தான் முதலில் வரும். வந்தவர்கள் முகம் வாடக்கூடாது அவளுக்கு.

தேன்மொழி குனிந்து மிளகைக் கையால் பரப்பினாள். பச்சை மிளகு வெயிலில் காயும்போது ஒரு வாசம் வரும், மூக்கின் உள்ளே போய்ச் சுள்ளென்று நிற்கும். அன்றைக்கு அது கண்ணிலும் நின்றது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் தப்பாமல் அவள் கண்ணில் பட்டது. யமுனாவுக்கு எடுத்த மஞ்சள் சுடிதார். கூந்தலை நடு வகிடெடுத்துப் பார்ப்பது, கோண வகிடெடுத்துப் பார்ப்பது. "தேனு, எது நல்லாருக்குது சொல்லு" என்று அவளிடமே கேட்பது. தேன்மொழி, "ரெண்டும்தான்" என்றாள். மனசுக்குள் வேறு ஒன்று சொன்னாள். இவள் போகக்கூடாது. எதாவது ஒன்று வந்து இவள் போகக்கூடாது. அதைச் சொன்னபோது அவள் கை யமுனாவின் பின்னலை நேராக்கிக்கொண்டிருந்தது.

*

யமுனாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மார்கழிப் பனி என்றார்கள். பிறகு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை வாங்கி வந்தார்கள். மாத்திரை போட்டால் இறங்கும், வெயில் சாயும்போது மறுபடி ஏறும். யமுனா பாயில் சுருண்டு கிடந்தாள். மஞ்சள் சுடிதார் கொடியில் தொங்கியது. தேன்மொழி கஞ்சி கொண்டு போவதும் ஈரத்துணி போடுவதுமாக இருந்தாள். யார் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் டி.வி. மேலிருந்து மிளகி பார்ப்பது மட்டும் முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது.

கண்ணாயி அத்தை வாசலில் நின்று நாத்தனார் ஆயம்மாளிடம் சொன்னாள். "நங்கையா, நான் ஒன்னு சொன்னா சிரிக்காதீங்க. உசுரோட இருக்கறவ முகத்துல பொம்மை பண்ணி ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறமே, அது எதுக்குங்க? நம்ம பக்கம் ஆளு முகத்துல உருவம் எப்பப் பண்ணுவாங்க? சீக்குக் கண்டாத்தான. பண்ணுனா கருப்பனார்கிட்டக் கொண்டுபோய் வெக்கோணும். நாம என்னமோ டி.வி. மேல வெச்சு ஊரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு இருக்கறம். சாமிக்குச் சேர வேண்டியதை நாம நிறுத்தி வெச்சிருக்கறம். அதான் அனல் எறங்க மாட்டேங்குது."

"மருந்தை நிறுத்திறாத" என்றாள் ஆயம்மாள்.

"மருந்து அது பாட்டுக்கு ஒரு பக்கம். இது ஒரு பக்கம்."

கருப்பனார் கோயில் ரோட்டுத் திருப்பத்துக்கு மேலே, புளியமரத்தடியில் இருந்தது. கோயில் என்றால் ஒரு கல்லும் வேலும்தான். கல்லைச் சுற்றி மண் பொம்மைகள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பிள்ளை உருவம், கால் நோவுக்குக் கால் உருவம். உருவாரம் என்பார்கள். நோய்ப்பட்டவர்களோ அவர்களைப் பெற்றவர்களோ அதைத் தூக்கக்கூடாது. ஒரே ரத்தமாக இருந்து வேறு வீட்டில் இருக்கிறவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். வைக்கும்போது 'இது இன்னார்' என்று பேர் சொல்லி வைக்க வேண்டும். வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது. வைத்ததை யாரும் எடுக்கவும் கூடாது. மழையில் கரைந்து மண்ணோடு போக வேண்டியது அது.

ஒரே ரத்தம், வேறு வீடு. அத்தை பார்வை தேன்மொழி மேல் வந்து நின்றது.

"இந்தப் பொம்மை கரையாதேங்க அத்தை" என்றாள் தேன்மொழி.

"கரைக்கறது அவர் பாடு. கொண்டுபோறது நம்ம பாடு."

பெட்டியோடு வைக்கக்கூடாது என்றாள் அத்தை, பெட்டிக்குள் இருந்தால் பொணம் மாதிரி. அரிவாள்மணையில் வைத்து ஒட்டின இடத்தை அறுத்தாள். மாமா மட்டும், "அந்தம்மா திறக்க வேண்டாம்னு சொல்லிச்சே" என்றார். "அந்தம்மா வந்து காய்ச்சலை எறக்குமா?" என்றதும் வெளியே போய்விட்டார். பிளாஸ்டிக் வாசனையோடு மிளகி வெளியே வந்தாள். தேன்மொழி முதல் தடவையாக அவளைக் கையில் வாங்கினாள். சிவப்புப் பொத்தான் நிஜப் பொத்தான். நூலில்தான் தைத்திருந்தார்கள். தேன்மொழி தைத்ததைப் போலக் குறுக்காக இல்லாமல், நேர் நேராக.

புறப்படும்போது யமுனா கூப்பிட்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மற்றவர்கள் கூடத்துக்கு வெளியே இருந்தார்கள்.

"தேனு, அதை அங்க உட்டுட்டு வராத. மழை வந்தா நனையும், பாவம்."

"பின்ன?"

"நீயே எடுத்து வெச்சுக்க. அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். உன்ற சட்டைதான அது? பேச்சும் உங்கம்மா பேச்சு. எனக்குத் தெரியும். அந்தக்காகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கோணும், எனக்கு வாய் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ வெச்சுக்க. நான் தர்றேன்."

தேன்மொழிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உடம்பெல்லாம் சுட்டது. நான் தர்றேன். தருகிற இடத்தில்கூட இவள்தான் இருக்கிறாள். பாயில் கிடந்து, உதடு வெடித்து, தலை தூக்க முடியாமல் கிடக்கிறபோதும் கொடுக்கிறவள் இவள், வாங்குகிறவள் நான். இவளைத் திட்டவும் முடியாதபடி இவள் நல்லவளாக வேறு இருக்கிறாள்.

"பேசாமப் படு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

பொம்மையை மஞ்சள் துணியில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். புளியஞ்சோலைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. வழியில் மிளகுத் தோட்டம் வந்தது. சாக்குக் குவியலுக்கு அடியில் வைத்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ராத்திரி எடுத்து வைத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி, தன் சட்டையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அழுத்தினால் அம்மா பேச்சைக் கேட்கலாம். அவள் நின்றாள். நின்றபோது பொம்மையின் வயிற்றில் இருந்த சுவிட்சு தோளில் பட்டு அமுங்கியிருக்க வேண்டும்.

"ஏறட்டுமா சாமி? கோவிச்சுக்காத!" என்றது துணிக்குள் இருந்து.

பயந்துபோய் வேகமாக நடந்தாள்.

கோயிலில் யாரும் இல்லை. மண் உருவாரங்கள் மழையில் மூக்கும் காதும் கரைந்து, எது யாருடையது என்று தெரியாமல் நின்றன. அவற்றுக்கு நடுவில் இடம் பார்த்து மிளகியை நிறுத்தினாள். மச்சமும் சந்துப் பல்லுமாக, கரைந்த முகங்களுக்கு நடுவே இவள் ஒருத்திதான் பளபளவென்று சிரித்தாள். இங்கேயும் இவள்தான். தேன்மொழி சூடம் ஏற்றினாள். பேர் சொல்ல வேண்டும். இது யமுனா. அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தாள். கண் சிவப்புப் பொத்தானில் இருந்தது.

"இது தேன்மொழி" என்றாள்.

சொல்லிவிட்டாள். சத்தமாகத்தான் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவள் தன் பேரைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போதுகூட டீச்சர் இரண்டு தடவை கேட்பார். சூடம் எரிந்து அணைந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கி வந்தாள். நடக்கும்போது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு அப்புறம் தாங்க முடியாததாக இருந்தது.

பொழுது சாய்ந்தபோது யமுனாவுக்குக் காய்ச்சல் ஏறியது. எப்போதும் ஏறுவதைவிட அதிகம். பிதற்றினாள். பஸ்ஸில் இடம் பிடி என்றாள், சுடிதாரைக் கொடியிலிருந்து எடு என்றாள். அத்தை நெற்றியில் கை வைத்துவிட்டுத் தேன்மொழியைப் பார்த்தாள். "கண்ணு, நல்லாத்தான வெச்சே? பேர் சொன்னயில்ல?"

"சொன்னனுங்க அத்தை."

"அப்ப எறங்கிரும். அவர் வாங்கிக்குவார்."

மாமா ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். மழை பிடித்துக்கொண்டது. வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள் யமுனாவின் கை கால் எல்லாம் நடுங்கியது. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அத்தையும் மாமாவும் கூடப் போனார்கள். வண்டிக் கதவு சாத்தும்போது யமுனாவின் முகம் தெரிந்தது. மச்சம் மட்டும் கருப்பாக, மற்றதெல்லாம் வெளுத்து. பொம்மைக்கு அந்த முகம் இல்லை. பொம்மை பண்ணினவர்கள் இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை என்று தேன்மொழிக்குத் தோன்றியது. இதை எந்தப் பெட்டியிலும் போடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தாள். ஓட்டில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

*

விடிந்தும் விடியாமல் இருந்தது. மழை தூறலாக இளைத்திருந்தது. போன் வரவில்லை. மழைக்கு டவர் போய்விட்டது. தேன்மொழி சட்டையை மாட்டிக்கொண்டாள். "இந்த மழைல மரம் ஏறப் போறியா?" என்றாள் அம்மா, இருட்டுக்குள் இருந்து.

"இல்லம்மா. வாரேன்."

வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பிப் போகக்கூடாது என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள், அப்படி ஒரு காரியத்துக்கு யாருக்கும் வேலை வந்திருக்காது. ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

புளியமரம் தெரிவதற்கு முன்னாலேயே குரல் கேட்டது.

முதலில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. ராத்திரி முழுக்க நனைந்ததில் சுவிட்சுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. யாரும் அழுத்தாமலே அது பேசிக்கொண்டிருந்தது. பேட்டரியும் போய்க்கொண்டிருக்க வேண்டும். சென்னைக்காரியின் கொஞ்சல் எல்லாம் கரைந்து, குரல் இழுத்து இழுத்துத் தணிந்து வந்தது. "ஏற...ட்டுமா... சா...மி..." சாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஒரு பொம்பளையின் குரலைப் போல இருந்தது. மண் உருவாரங்கள் இன்னும் கொஞ்சம் கரைந்திருந்தன. மிளகியின் முகத்தில் சேறு தெறித்து, மச்சம் எது சேறு எது என்று தெரியவில்லை. சிவப்புப் பொத்தான் ஒரு நூலில் தொங்கியது.

தேன்மொழி ஈரத்தில் முட்டி போட்டாள். சூடம் கொண்டுவரவில்லை. தீப்பெட்டியும் இல்லை. வெறுங்கையைக் கூப்பிக்கொண்டாள்.

"இது யமுனா" என்றாள்.

நேற்று சொன்ன அளவுக்குச் சத்தம் வரவில்லை. கருப்பனாருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியாமல் இன்னொரு தடவை சொன்னாள். "இது யமுனாதானுங்க. எங்க மாமன் மகள் யமுனா. நான் இல்லீங்க." தொங்கிய பொத்தானை எடுக்கக் கை நீண்டது. எடுக்கவில்லை. எழுந்து திரும்பிக்கொண்டாள்.

"ஏற...ட்டுமா..." என்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

கீழே எங்கேயோ ஒரு வண்டி கியர் மாற்றி மலை ஏறுகிற சத்தம் கேட்டது. நாமக்கல்லில் இருந்து வருகிறதா, பால் வண்டியா என்று தெரியவில்லை. அது வளைவுக்குப் பின்னால் மறைவதும் கேட்பதுமாக இருந்தது. தேன்மொழி திரும்பிப் பார்க்காமல் நின்று அதைக் கவனித்தாள். பின்னால் அந்தக் குரல் விடாமல் கேட்டது, கோவிச்சுக்காத, கோவிச்சுக்காத. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது இந்த மலையில் அம்மா, அவள் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்தப் பதில் ஒரு பச்சை மிளகைப் போல அவள் நாக்குக்கு அடியில் கிடந்தது. கடித்தால் காரம் ஏறிவிடும். அவள் கடிக்காமல், துப்பாமல், வண்டிச் சத்தம் வருகிற திசையைப் பார்த்து ரோட்டில் இறங்கினாள்.